ஆண், பெண் பேச்சை இங்கிலீஷ் வகுப்பில் எடுக்கப் போற தங்கச்சிக்கு

தங்கச்சி, தரங்கம்பாடிப் பிள்ளைகளுக்கு மாலையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் எடுக்கப் போறே. ஆண், பெண் பேதம், உறவுகள் பற்றி அவர்களைப் பேசவைக்கணும்னு ஆசைப்படுறே. நல்ல காரியம். 1707-லேயே பாதிரியார் சீகன்பால்கு பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்த ஊர் அது.

ஆனால் காதல், கல்யாணம் என்று ஆரம்பிச்சிடாதே. சின்ன ஊர். வகுப்பில் ஒரு பொண்ணு சொன்னது ராத்திரிக்குள் வேறு மாதிரியாக அவள் வீட்டுக்குப் போய்ச் சேரும். காதல் பேச்சில் சாதியும் வரும்; அதன் அடி பிள்ளை மேல்தான் விழும். "உங்க வீட்டில் யார் சமைப்பாங்க?" என்றும் கேட்காதே. அம்மா இல்லாத பிள்ளையும் அங்கே உட்கார்ந்திருக்கும். கற்பனையாக ஒரு குடும்பத்தை உருவாக்கி, அவர்களைப் பற்றிப் பேசவிடு.

கடற்கரையிலிருந்து தொடங்கு. "ஆம்பளைதான் சம்பாதிக்கிறார்" என்று ஒரு பையன் நிச்சயம் சொல்வான். ஏலத்தில் மீன் எடுத்து, கூடை சுமந்து, தெருத்தெருவாக விற்றுக் காசாக்குவது யார் என்று கேள். வயல் பக்கத்துப் பிள்ளைகள் நடவு நடுகிறவர்களைச் சொல்வார்கள். அந்தப் பையனைக் கேலி செய்யவிடாதே. அழக்கூடாது, குடும்பத்தைத் தாங்கணும் என்று அவன் தலையிலும் பாரம் ஏற்றித்தான் வளர்த்திருக்கிறார்கள். அதையும் பேச அவனுக்கு இடம் கொடு.

இலக்கணத்தை இங்கேதான் நுழைக்கணும். 'ஆல் கேர்ள்ஸ்' என்று எழுதினால், அதை 'சம்', 'மெனி', 'ஆஃபன்' போட்டு மாற்றி எழுதச் சொல். வாக்கியம் மாறும்போதே யோசனையும் வரும். 'ஐ ஸீ இட் டிஃபரன்ட்லி', 'வொய் டு யூ திங்க் ஸோ?' இரண்டும் போர்டில் எப்போதும் இருக்கட்டும். மறுத்துப் பேச வார்த்தை இல்லாமல்தான் பாதிப் பிள்ளைகள் தலையாட்டுகிறார்கள். முதலில் பொண்ணுங்க தனியாக, பசங்க தனியாக ஜோடி சேர்ந்து தமிழிலேயே பேசட்டும். பிறகு இங்கிலீஷ். அதற்கப்புறம் கலந்து உட்காரவை.

வாசிக்கக் கொடுக்க மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரை விடச் சிறந்த ஆள் இல்லை. நம்ம மயிலாடுதுறைப் பக்கத்து மூவலூர்தான். தேவதாசி முறையை எதிர்த்துப் போராடியவர். அதைப் பற்றி 1936-இல் நாவலே எழுதினார். அவர் வாழ்க்கையை எளிய இங்கிலீஷில் பத்து வரி எழுதிக்கொள். அவர் பெயரில் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் இருந்தது. 2022-இல் அதைப் படிப்புக்கு மாற்றினார்கள்: அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய், புதுமைப் பெண் திட்டம். 2024-இல் பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் வந்தது. இரண்டு விவாதம் தயார்: பெண்ணுக்குப் பணம் கல்யாணத்துக்கா, படிப்புக்கா? பையன்களுக்கும் கொடுத்தது சரியா? சில பிள்ளைகளின் வீட்டுக்கே இந்தப் பணம் வந்திருக்கும். பேச்சு தானாக வரும்.

ஒன்று முக்கியம். இப்படிப் பேசும் வகுப்பில் என்றாவது ஒரு பொண்ணு எல்லோரும் போனபிறகு நின்று, 18 வயசுக்கு முன்னாலேயே தனக்குக் கல்யாணம் பேசுகிறார்கள் என்பாள். அதை வகுப்புக்குக் கொண்டுவராதே. 1098-க்குக் கூப்பிடு, குழந்தைகளுக்கான அந்த எண்ணுக்குக் கட்டணம் கிடையாது.