கார்புரேட்டர் ஒழுகினால் என்ன செய்வது?

பழைய பெட்ரோல்–மண்ணெண்ணெய் பம்புசெட் வைத்திருக்கும் புதுவை, பாகூர், வில்லியனூர் விவசாயிகள் கவனிக்க:

இன்ஜினை நிறுத்திய பின்னும் கார்புரேட்டர் சொட்டினால், டேங்க் வால்வை மூடி, சூடு ஆறும்வரை காத்திருக்கவும். அருகில் பீடி, விளக்கு கூடாது.

அடிக்கிண்ணத்தைக் கழற்றவும். ஊசி வால்வில் தூசி இருந்தால் பெட்ரோலில் கழுவவும், கம்பியால் குத்தக்கூடாது. முனை தேய்ந்திருந்தால் மாற்றவும். மிதவையைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். உள்ளே சலசலத்தால் ஓட்டை. அது மூழ்கிக் கிடந்து வால்வை மூட விடாது. புதிது போடவும்.

கிண்ண விளிம்பில் கசிந்தால் வாஷரை மாற்றினால் போதும். போல்ட்டை அளவுக்கு மேல் முறுக்கினால் கிண்ணம் கோணிவிடும்.

இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலப்பதால் பழைய ரப்பர் பாகங்கள் ஊறிக் கெடக்கூடும். எத்தனாலைத் தாங்கும் ரப்பரையே கேட்டு வாங்கவும்.

கடைசியாக, இன்ஜின் ஆயிலை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றிய பிறகே ஓட்டவும். இல்லாவிட்டால் பேரிங் தேயும்.