ரண சிகிச்சைக்குப் பின் வேண்டிய துணை



சரக்கு நிலவரத்தையும் கடன் வசூலையும் மணிக்கணக்கில் பேசும் வியாபாரிகளாகிய நாம், வீட்டுப் பெண்களின் நோயென்று வந்தால் வாய் மூடிவிடுகிறோம். மார்பகப் புற்று என்றால் அதன் பெயரைச் சொல்லவும் தயங்குகிறோம். ஆனால் 2012 முதல் 2016 வரையிலான மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு கூறுவதைக் கேளுங்கள்: இந்நாட்டுப் பெண்களுக்குக் கண்ட புற்றுநோய்களில் நூற்றுக்கு 34 பங்கு மார்பகப் புற்றே. 27 பெண்களில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்நோய் வரக்கூடும். கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர், நோய் மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தை அடைந்த பிறகே வைத்தியரிடம் வந்திருக்கின்றனர். ஆகவே, இது யாரோ ஒருவர் வீட்டுச் சங்கதி என்று நாம் ஒதுங்கியிருக்க முடியாது.

ரண சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் பெண்ணுக்கு எத்தகைய துணை வேண்டும், அது எங்கே கிடைக்கும், அதில் ஆண்களாகிய நம் கடமை யாது என்பவற்றை இங்கு ஆராய்வோம்.

எவரிடம் கேட்பது?

டாக்டர் கட்டியை அகற்றுகிறார், காயத்தைத் தைக்கிறார், மருந்து எழுதுகிறார். ஆனால் வீட்டுக்கு வந்த பின் எழும் கேள்விகள் வேறு. அக்குளிலுள்ள நிணக் கணுக்களை எடுத்திருந்தால் கை வீங்கக்கூடும். அந்தக் கையால் எதைத் தூக்கலாம், எதைத் தூக்கலாகாது? தொழுகையில் சுஜூது செய்யும்போது கை வலித்தால் என்ன செய்வது? எந்த மாதிரி ரவிக்கை தைத்துக்கொள்வது? கணவர் முன் எப்படி நிற்பது? மகளுக்கு வரும் சம்பந்தம் இதனால் தட்டிப்போகுமோ? இவற்றுள் சிலவற்றைக் கணவரிடமும் சொல்ல நா எழாது.

புதிதாகக் கடை வைப்பவன், தனக்கு முன் கடை வைத்து நஷ்டமும் லாபமும் கண்ட ஒருவரைத் தேடிப் போய் யோசனை கேட்கிறான் அல்லவா? அதுபோல, இதே நோயால் இதே சிகிச்சை பெற்றுத் தேறிய ஒரு பெண்மணியே இக்கேள்விகளுக்குத் தக்க துணை. "லாத்தா, எனக்கும் இப்படித்தான் இருந்தது; இப்போது பாருங்கள்" என்று அவர் கையை உயர்த்திக் காட்டுவது, பத்துப் பேர் கூறும் ஆறுதலுக்கு மேலானது.

இம்முறை தோன்றிய விதம்

1952-இல் நியூயார்க்கில் டெரிஸ் லாசர் என்ற அம்மையார் மார்பக ரண சிகிச்சை செய்துகொண்டார். பின்னர் எப்படி வாழ்வது என்று சொல்வார் ஒருவரும் இல்லை. தாம் பட்ட பாட்டைப் பிறர் படலாகாதென்று, சிகிச்சை பெற்ற பெண்களை அவரே சென்று காணலானார். கைப்பயிற்சிக்கு ஒரு ரப்பர்ப் பந்தும் கயிறும், உடைக்குள் வைத்துக்கொள்ளத் தற்காலிக மார்பு அணையும் கொண்டுபோய்க் கொடுத்தார். தொடக்கத்தில் வைத்தியர் சிலர் ஆட்சேபித்தனர். ஆயினும் 1969-இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் அவ்வேலையைத் தன் பொறுப்பில் ஏற்றது. பின்னர் அது பல நாடுகளுக்கும் பரவியது.

நம் நாட்டில் 1966-இல் தேசியப் புற்றுநோய்ச் சங்கம் தோன்றியது. 1986-இல், இந்நோயிலிருந்து மீண்ட பெண்களின் உழைப்பால், மலேசிய மார்பகப் புற்றுநோய் நலச் சங்கம் அமைந்தது. சுங்கை செம்பிலாங், ஜெராம், புக்கிட் ரோத்தான் பக்கத்தவருக்கு எட்டக்கூடிய பெரிய ஆஸ்பத்திரி கிள்ளானிலுள்ள துங்கு அம்புவான் ரஹிமா ஆஸ்பத்திரி. அங்கே 2014-இல், நோயாளிகள் திகைத்து இடையில் நின்றுவிடாதபடி கூடவே வழிகாட்டும் தாதியர் திட்டம் தொடங்கப்பட்டது. ஆகவே சிகிச்சைக்குச் செல்லும்போதே, "மீண்ட பெண்கள் யாரையேனும் நாங்கள் சந்திக்க வழியுண்டா?" என்று தாதியிடம் கேட்டுவிடுவது நலம்.

துணையின் எல்லை

ஒன்றை மட்டும் தெளிவாக உணர வேண்டும். 1989-இல் அமெரிக்காவில் டாக்டர் டேவிட் ஸ்பீகல், நோய் பரவிய 86 பெண்களை ஆராய்ந்து, வாராவாரம் கூடிப் பேசியவர்கள் அதிக காலம் வாழ்ந்ததாக எழுதினார். உலகமே மகிழ்ந்தது. ஆனால் 2001-இல் கனடாவில் 235 பெண்களைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியில் ஆயுள் நீளவில்லை. மனவேதனையும் வலியின் கொடுமையும் குறைந்தன. ஆகவே துணை என்பது மருந்துக்குப் பதிலாகாது. மருந்தைத் தாங்கிக்கொள்ளும் மனத்தை அது தருகிறது. சிகிச்சையை விட்டுவிட்டு நாட்டு மருந்துக்கு வா என்று அழைப்பவர் எவராயினும் அவர் துணையல்லர். உண்மைத் துணைவி மருந்தின் அளவைச் சொல்லமாட்டார். "அதை டாக்டரிடம் கேளுங்கள்" என்றே சொல்வார்.

நம் கடமை

முதலாவது, அனுமதி. கோலாலம்பூருக்கோ கிள்ளானுக்கோ கூட்டத்துக்குப் போக வேண்டுமென்று மனைவி கேட்டால், கடையில் ஆளில்லை என்று தட்டிக்கழிக்கலாகாது. சரக்கெடுக்க நாம் போகும் நாளிலேயே அழைத்துச் செல்லலாம்.

இரண்டாவது, பேதம் பாராமை. நம்மவரிலேயே ஒருவர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிடில் தோட்டத்துத் தமிழ்ப் பெண்ணும், கம்பத்து மலாய்ப் பெண்ணும், சீனப் பெண்ணும் இந்த நோவை அறிந்தவர்களே. நம் கடையில் சாமான் வாங்க வருவோரில் அத்தகையோர் இருக்கக்கூடும்.

மூன்றாவது, இரகசியம் காத்தல். ஒரு பெண்ணின் நோயை அவர் சம்மதமின்றி வெளியிடுவது பெரும் துரோகம். அவர் விரும்பினால், நம் வீட்டுப் பெண்கள் மூலமாகவே பேச்சைத் தொடங்க வேண்டும்.

நான்காவது, நலம் விசாரிப்பது. நோயாளியைப் பார்க்கச் செல்வது நமக்கு இட்ட கடமை. ஆனால் அங்கே போய், இதே நோயில் இறந்தவர்களின் கதையைச் சொல்லி அழவைப்பது விசாரிப்பாகாது. அரைமணி நேரம் இருந்து, பிள்ளைகளுக்குச் சோறாக்கிக் கொடுத்துவிட்டு வருவது மேல்.

சகோதரர்களே! நம் வீட்டில் இன்று ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டு தனியே அழுதுகொண்டிருக்கலாம். மீண்டெழுந்த இன்னொரு பெண் பக்கத்துச் சிற்றூரிலேயே இருக்கலாம். இருவரையும் சேர்த்து வைக்கச் செலவில்லை. கொஞ்சம் மனமிருந்தால் போதும்.