நார்வே விழாவுக்கு வேதியியல் மாணவி போகலாமா?

நார்வேயில் நடக்கும் சர்வதேச மாணவர் விழாவில் கலந்துகொள்ள ஆசை. நான் படிப்பதோ பி.எஸ்சி. வேதியியல். உலக அரசியல் தெரியாத என்னைச் சேர்ப்பார்களா?
– கல்லூரி மாணவி, மதுரை

தாராளமாக விண்ணப்பியுங்கள். ட்ரொண்ட்ஹைம் நகரில் 1990-இல் தொடங்கிய 'இஸ்ஃபிட்' விழா, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. பேச்சாளர்களை அழைப்பதிலிருந்து நிதி திரட்டுவது வரை எல்லாமே சம்பளம் வாங்காத மாணவர்களின் வேலைதான். உலகெங்குமிருந்து வருபவர்கள் சிறு குழுக்களாக உட்கார்ந்து, எடுத்துக்கொண்ட பிரச்சினையைப் பல நாள் அலசுவார்கள். 1999 முதல் மாணவர் அமைதிப் பரிசும் வழங்குகிறார்கள்.

விண்ணப்பத்தில் 'உலக அமைதிக்கு உழைப்பேன்' என்று முழங்காதீர்கள். அதை எல்லோரும் எழுதுவார்கள். வைகையில் கலக்கும் சாக்கடையை வேதியியல் மாணவியின் கண்ணால் பார்த்து எழுதுங்கள். அது உங்களால் மட்டுமே முடியும்.

தங்குவதற்கு ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டிலேயே இடம் தருவார்கள். அங்கேயும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அதில் உங்களுக்குப் பயிற்சி தேவையில்லை! குளிர்தான் புதுசு: கம்பளி உள்ளாடை அவசியம். பாஸ்போர்ட் இல்லையென்றால் இந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள். நார்வே செல்லத் தேவையான ஷெங்கன் விசா கடைசி நேர ஓட்டத்துக்கு மசியாது.