ஒன்பது மாதக் கார், நான்கு முறை பழுது

கேள்வி: டீசல் கார் வாங்கி ஒன்பது மாதம் ஆகிறது. 5,800 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. அதற்குள் நான்கு முறை எஞ்சின் விளக்கு எரிந்து, இழுவை குறைந்து, ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் வேகம் ஏறாமல் போய்விட்டது. ஒருமுறை குளித்தலை அருகே நின்றுபோய் டோ செய்துதான் கொண்டுவந்தோம். ஒவ்வொரு முறையும் 'டிபிஎஃப் அடைப்பு, கிளீன் பண்ணிட்டோம்' என்கிறார்கள். போன வாரம் அட்வைசர், 'மேடம், உங்களுக்கு ஓட்டத் தெரியலை' என்றே சொல்லிவிட்டார். நான் தினமும் போவது நான்கு கிலோமீட்டர் தூரத்தில் உள்ள பள்ளிக்குத்தான். வேறு கார் கேட்க முடியுமா?
- ஓர் ஆசிரியை, கரூர்

பதில்: முதலில் அந்த அட்வைசர் சொன்னதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் ஓட்டுதலில் குறையில்லை. உங்கள் தூரம் இந்த எஞ்சினுக்குப் போதவில்லை. விற்கும்போதே 'தினமும் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள்?' என்று கேட்டிருக்க வேண்டியவர்கள் ஷோரூம்காரர்கள்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்தபின் டீசல் கார்களின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி வந்துவிட்டது. அதுதான் டிபிஎஃப். சேர்ந்த கரியை அது சுமார் 600 டிகிரி சூட்டில் தானே எரித்துக்கொள்ளும். அந்தச் சூடு ஏற, சீரான வேகத்தில் இருபது, முப்பது நிமிடம் ஓட வேண்டும். நான்கு கிலோமீட்டரில் எஞ்சின் சூடாவதற்குள் பள்ளி வந்துவிடும். எரியத் தொடங்கிய கரி பாதியில் நிற்கும். வண்டியை அணைத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் வேகமாகச் சுற்றி, கருகல் வாசனை வந்திருந்தால் அது இப்படிப் பாதியில் நின்ற எரிப்பாக இருக்கலாம்.

ஆனால் நான்கு முறையும் இது மட்டுமே காரணம் என்று நான் நம்பிவிட மாட்டேன். ஒரு ஞாயிறு காலை திருச்சி சாலையில் அரை மணி நேரம் 60, 70 வேகத்தில் சீராக ஓட்டிப் பாருங்கள். அதன்பின் பல வாரம் விளக்கு எரியவில்லை என்றால் சிக்கல் தூரத்தில்தான். அப்படி ஓட்டியும் சில நாளிலேயே எரிந்தால், எங்கோ கரி அளவுக்கு மீறி உண்டாகிறது: ஒழுகும் இன்ஜெக்டர், ஒட்டிக்கொண்ட ஈஜிஆர் வால்வு, விரிசல் விட்ட டர்போ ஹோஸ். அல்லது அடைப்பை அளக்கும் சென்சாரே தவறாகச் சொல்கிறது. இவற்றைப் பார்க்காமல் கிளீன் செய்து அனுப்புவது, காரணம் தேடாமல் காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பது போல. டிபிஎஃப்பையே கழற்றிவிடலாம் என்று வெளியில் யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது விதிமீறல், வாரண்டியும் போய்விடும்.

இனி வண்டியை விடும்போது ஜாப் கார்டில் புகாரை உங்கள் வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள். 'ஜெனரல் செக்கப்' என்று எழுதினால் கையெழுத்துப் போடாதீர்கள். எடுக்கும்போது ஸ்கேன் ரிப்போர்ட், மாற்றிய பாகம், கண்டறிந்த காரணம் எல்லாம் எழுத்தில் வேண்டும். பழைய நான்கு ஜாப் கார்டுகளின் நகலையும் வாங்கிவிடுங்கள். பிறகு தயாரிப்பு நிறுவனத்துக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். வாய்ப்பேச்சு எங்கும் நிற்காது.

வேறு கார் கிடைக்குமா? எளிதில் இல்லை. வாரண்டி பாகத்தை மாற்றித்தர மட்டுமே உறுதி தந்திருந்தால், முழு வண்டியையும் மாற்றச் சொல்ல முடியாது என்று 2006-ல் ஒரு கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் தயாரிப்புக் குறை நிரூபணமானால் பழுதுநீக்கம், வண்டி மாற்றம், பணம் திருப்பித் தருதல், இழப்பீடு ஆகியவற்றுக்கு உத்தரவிட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் உண்டு. 1915 உதவி எண்ணில் முதலில் புகார் பதியலாம். தீரவில்லை என்றால் கரூர் மாவட்ட ஆணையத்திலேயே, விற்றவர், தயாரித்தவர் இருவர் மீதும் வழக்குப் போடலாம். கார் விலை 10 முதல் 20 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் 400 ரூபாய்தான். காலக்கெடு இரண்டு ஆண்டு.

இதற்கெல்லாம் முன், நாளைக் காலையே டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். கரியை எரிக்க எஞ்சின் கூடுதலாகப் பீய்ச்சும் டீசல், எரிப்பு பாதியில் நிற்கும்போதெல்லாம் கொஞ்சம் ஆயிலில் இறங்கிவிடும். ஆயில் அளவு மேல்கோட்டைத் தாண்டியிருந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். அதைப் படம் எடுத்துவைத்துக்கொண்டு, டோ வண்டியை வரச் சொல்லுங்கள்.