மதியச் சாப்பாட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள்!

2020 ஊரடங்கில் புதுக்கோட்டைப் பக்கம் சொந்த ஊருக்கு வந்து, வீட்டிலிருந்தே வேலை பார்த்தவர்கள் பலர் மறுபடி சென்னை, திருச்சி என்று ஆபீசுக்குப் போய்விட்டார்கள். நீங்களும் அப்படித்தானா? ஓட்டல் சாப்பாடு ஒரு வேளைக்கு 100 ரூபாய் என்றாலும் 25 நாளைக்கு 2,500 ரூபாய்! கட்டுப்படியாகாமல் இரண்டு டீ, ஒரு வடையோடு மதியத்தை ஓட்டிவிட்டு, 'நெஞ்சு எரியுது டாக்டர்' என்று வருகிறார்கள். வயிற்றைக் காயப்போட்டால் பித்தம் மிகும். நாள்பட்டால் குன்மத்தில் கொண்டுபோய் விடும்.

வழி சுலபம். காலையில் சாதத்தைக் குழைய வடித்து, சூடு ஆறியதும் காய்ச்சிய பாலும் ஒரு ஸ்பூன் தயிரும் கலந்து டிபன் பாக்ஸில் எடுத்துப் போங்கள். ஒரு மணிக்குப் புளிக்காத தயிர்சாதம் தயார்! தொட்டுக்கொள்ள, காரம் குறைத்த கறிவேப்பிலைத் துவையல். கூடவே கொஞ்சம் பாசிப்பயறுச் சுண்டல். 100 கிராம் பயறில் சுமார் 24 கிராம் புரதம் இருக்கிறது.

இதற்குப் பிறகும் எரிச்சல் இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். மலம் தார் போலக் கறுத்துப் போனால் கைவைத்தியம் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காசை ஓட்டலில் மிச்சம் பிடிக்கலாம், வயிற்றில் பிடிக்கக் கூடாது!