‘ஏற்கிறேன்’ என்று அமுக்கினால் படம் ஊர்ச்சொத்தாகிவிடுமா?

கேள்வி: ஸ்ரீவைகுண்டத்தில் சின்னதாக ஒரு போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தை மொட்டை மாடியிலிருந்து படமெடுத்து, மூலையில் ஸ்டூடியோ பெயரோடு இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தேன். இப்போது அதே படம் ஒரு வீட்டுமனை நிறுவனத்தின் நோட்டீஸில், ‘வெள்ளம் எட்டிப் பார்க்காத மேட்டு மனைகள்’ என்ற வரிக்கு மேலே வந்திருக்கிறது. பெயர் இருந்த மூலையை வெட்டிவிட்டார்கள். போன் செய்து கேட்டால், “நெட்டுல கிடந்ததுதானண்ணே! அக்கவுண்ட் திறக்கும்போதே நீங்க உரிமையை எழுதிக் கொடுத்தாச்சு” என்கிறார்கள். உண்மையா? என் பக்கத்தில் கல்யாணப் படங்களும் போடுகிறேன். அவற்றுக்கும் இதே கதிதானா?

பதில்: அந்த டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே நின்றுபோனது. மின்சாரம் திரும்பிய கையோடு, ஆளாளுக்கு எடுத்திருந்த படங்கள் போனுக்குப் போன் பாய்ந்தன. யார் எடுத்தது என்று கேட்க அன்றைக்கு எவருக்கும் நேரமில்லை. சட்டம் கேட்கும்.

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, படம் எடுத்த கணத்திலேயே அதன் உரிமை எடுத்தவருக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை. இன்ஸ்டாகிராமின் நிபந்தனைகளும் இதை மறுக்கவில்லை. பதிவிடுபவரின் படைப்புக்குத் தாங்கள் சொந்தம் கொண்டாடுவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகின்றன. அடுத்த வரியில்தான் விஷயம் இருக்கிறது. உலகம் முழுவதும், காசு கொடுக்காமல், படத்தைப் பயன்படுத்தவும் மாற்றவும், பிறருக்கு உள்-உரிமம் கொடுக்கவும் இன்ஸ்டாகிராம் அனுமதி வாங்கிக்கொள்கிறது. படத்தை நீக்கி, அவர்களுடைய கணினிகளிலிருந்தும் அது அழிந்த பிறகே அந்த அனுமதி முடியும்.

பெரிய அனுமதிதான், சந்தேகமில்லை. இன்ஸ்டாகிராமே படத்தைப் பயன்படுத்தினால் வாசகரால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. ஆனால் இது கிரயப் பத்திரம் அல்ல. தன் வயல் வரப்பில் ஒருவரை நடந்துபோக விட்டால், வயலும் அவருக்குக் கிரயமாகிவிடாது. வழியே போகிற மூன்றாம் ஆள் இறங்கி வாழைத்தார் வெட்டவும் முடியாது. உரிமையையே கைமாற்ற வேண்டுமானால், சட்டத்தின் 19-ஆம் பிரிவு கையெழுத்திட்ட எழுத்தைக் கேட்கிறது. எந்தப் படம், எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த எல்லைக்குள் என்றெல்லாம் அதில் இருக்க வேண்டும். மனை நிறுவனத்திடம் அப்படி ஒரு தாள் இருக்கிறதா? இன்ஸ்டாகிராம் கொடுத்த உள்-உரிமமாவது இருக்கிறதா? இருந்திருந்தால் போனிலேயே சொல்லியிருப்பார்கள்.

இதே வாதத்தை உலகின் பெரிய செய்தி நிறுவனம் ஒன்றே எடுத்து வைத்துத் தோற்றிருக்கிறது. 2010 ஜனவரி 12 அன்று ஹைட்டியில் நிலநடுக்கம். டேனியல் மொரெல் என்ற புகைப்படக்காரர் தன் படங்களை ட்விட்பிக் வழியாக ட்விட்டரில் ஏற்றினார். வேறொருவர் அவற்றைத் தன் பெயரில் போட, ஏஎஃப்பி என்ற அந்தச் செய்தி நிறுவனம் அவற்றை எடுத்து கெட்டி இமேஜஸ் வழியாக விநியோகித்தது. ட்விட்டரின் நிபந்தனைகளே எங்களுக்கு உரிமம் என்றது ஏஎஃப்பி. 2013 ஜனவரியில் நியூயார்க் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ஜூரி மொரெலுக்கு 12 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. வாசகர் இந்தத் தொகையை மனதில் வைத்துக் கணக்குப் போட வேண்டாம். அமெரிக்காவில் உள்ளதுபோல் சட்டமே தொகை குறித்துவைத்த இழப்பீடு இங்கே கிடையாது. நட்டத்தைக் காட்ட வேண்டும்.

எதிர்த்தரப்பு பிடிக்கக்கூடிய கிளை ஒன்று உண்டு. நடப்புச் செய்தியைத் தெரிவிப்பதற்காக நியாயமான அளவில் பயன்படுத்தினால் சட்டம் மன்னிக்கிறது. வெள்ள நாளில் ஒரு டிவி சேனல் இந்தப் படத்தைக் காட்டியிருந்தால் வழக்கு இழுபறியாகியிருக்கும். மனை விற்கும் நோட்டீஸை எந்த நீதிபதி செய்தி என்பார்?

வெட்டப்பட்ட மூலை தனி விவகாரம். 57-ஆம் பிரிவு, படைப்பைப் படைத்தவர் பெயரோடு பிணைக்கிறது. உரிமையை விற்ற பிறகும் அந்தப் பிணைப்பு அறுவதில்லை. டெல்லி விஞ்ஞான் பவனில் அமர்நாத் சேகல் செய்த 140 அடி நீள வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-இல் அரசு கழற்றிக் கிடங்கில் போட்டது. அரசே காசு கொடுத்துச் செய்யச் சொன்ன சிற்பம் அது. ஆனாலும் 2005-இல் டெல்லி உயர் நீதிமன்றம், மிஞ்சிய பாகங்களைச் சிற்பியிடம் கொடுத்து, 5 லட்சம் ரூபாயும் தரச் சொன்னது.

இனி செய்ய வேண்டியது. கேமராவில் பதிவான அசல் கோப்பை, தேதி விவரம் அழியாமல் இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ள வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த பிரதி உதவாது. அச்சு நோட்டீஸில் இரண்டு மூன்றைப் பத்திரப்படுத்த வேண்டும். அதையே அவர்கள் இணையத்திலும் போட்டிருந்தால், அந்தத் தளத்துக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம். 2013-ஆம் ஆண்டு விதிகளின்படி, புகார் சரியெனப்பட்டால் 36 மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும். ஆனால் 21 நாளுக்குள் நீதிமன்ற உத்தரவு வராவிட்டால் மறுபடி போட்டுவிடலாம். தாள் நோட்டீஸுக்கு வக்கீல் நோட்டீஸ்தான் மருந்து. பெரும்பாலும் அதிலேயே பேச்சுவார்த்தைக்கு வந்துவிடுவார்கள். வராவிட்டால், வழக்கை உள்ளூர் முன்சீப் கோர்ட்டில் போட முடியாது. மாவட்ட நீதிமன்றத்துக்கு, அதாவது தூத்துக்குடிக்குப் போக வேண்டும். எதிராளி எந்த ஊர்க்காரராக இருந்தாலும், வாதி குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 62-ஆம் பிரிவு இடம் தருகிறது. மனை விளம்பர நோட்டீஸ் வந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

கல்யாணப் படங்கள் கதை நேர்மாறு. பிறர் கேட்டுக்கொண்டு, கூலி பேசி எடுத்த படத்துக்கு முதல் உரிமையாளர் காசு கொடுத்தவரே என்கிறது 17-ஆம் பிரிவு. வேறு ஒப்பந்தம் இல்லாத வரை, அந்த ஆல்பத்தின் உரிமை கல்யாண வீட்டாருடையது. மனை நிறுவனம் வாசகருக்குச் செய்ததை, தன் வாடிக்கையாளர்களுக்கு வாசகரே செய்துகொண்டிருக்கக்கூடும். அட்வான்ஸ் வாங்கும்போது கொடுக்கும் ஆர்டர் படிவத்தில், படங்களை ஸ்டூடியோவின் பக்கத்தில் போடச் சம்மதம் என்று ஒரு வரி சேர்த்து, அதற்குக் கீழே தனியாகக் கையெழுத்து வாங்கிக்கொள்வது நல்லது. ஏற்கெனவே போட்ட படங்களுக்கு, அந்தந்த வீட்டாரிடம் இப்போதாவது கேட்டு எழுதி வாங்க வேண்டும்.