சொன்னால் எழுத்தாகாதா?

"பேசி எழுதினால் அது எழுத்தில்லை" என்ற பேச்சு ஓய்கிற பாடில்லை. கைப்பேசியில் மைக்கைத் தட்டிச் சொல்லிக்கொண்டே போவது சோம்பேறிகளின் வழி, பழகிவிட்டால் சொந்தமாக ஒரு வரி எழுத வராது, பிள்ளைகளின் தமிழ் பாழாகும் என்று படித்தவர்களே சொல்லித் திரிகிறார்கள். வெறும் தவறான கருத்து என்றால் விட்டுவிடலாம். ஆனால் இதனால் தடுக்கப்படுகிறவர் யார் என்று பாருங்கள். ஆடலூரிலோ பன்றிமலையிலோ யானை புகுந்து மலைவாழையை ஒடித்துப் போட்டுவிட்டால், நடந்ததை மனுவாக்கித் திங்கட்கிழமை திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்குக் கொண்டுபோக வேண்டிய விவசாயி அவர். எந்தச் சரிவில் எத்தனை வாழை போயிற்று என்று கோவையாகச் சொல்லத் தெரிந்தவர். பேனா பிடித்துத்தான் பழக்கமில்லை. அவரிடம் போய் ‘நீங்கள் சொல்வது எழுத்தாகாது’ என்பது அறியாமை மட்டுமல்ல, அநியாயம்.

நம் மொழியையே கேளுங்கள். நூலை ஒருவர் ‘இயற்றினார்’, ‘யாத்தார்’ என்கிறோம்; ஏட்டை ‘எழுதினார்’ என்கிறோம். இரண்டும் ஒருவரே செய்ய வேண்டிய வேலை என்று தமிழ் ஒருநாளும் நினைத்ததில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) பாடல்களைச் சொல்லச் சொல்ல மாணவர்கள் ஓலையில் எழுதினார்கள். அவரிடம் படித்த உ.வே.சாமிநாதையரே 1933, 1934 ஆண்டுகளில் இரண்டு பாகமாக வெளியிட்ட ஆசிரியர் வரலாற்றில் இதைப் பதிந்திருக்கிறார். அப்படிப் பிறந்த அவருடைய தலபுராணங்கள் எழுத்தாணி பிடித்த மாணவருடையவை என்று யாரும் சொன்னதில்லை. தமிழறிஞர் திரு.வி.க. முதுமையில் கண்ணொளி இழந்த பிறகும் நூல் தருவதை நிறுத்தவில்லை. வாயால் சொன்னார், பிறர் எழுதினர். இவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் பொதுத்தேர்வுக்கு வாருங்கள். பார்வையற்ற மாணவருக்குச் ‘சொல்வதை எழுதுபவர்’ ஒருவரை அரசே அனுமதிக்கிறது. விடைத்தாளில் ஓடுவது வேறொருவர் கை; மதிப்பெண் சொன்னவருக்கு. அந்த மாணவருக்கு ஒரு நியாயம், மனு எழுதும் விவசாயிக்கு வேறு நியாயமா?

இதற்கு வருகிற எதிர்வாதங்களில் ஒன்று மட்டும் பதில் சொல்லத் தகுந்தது. மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு எழுதியவர்கள் இலக்கணம் கற்ற மாணவர்கள். கைப்பேசிக்கு என்ன தெரியும் என்பது அது. உண்மைதான். பொருள் தெரிந்து எழுதும் மாணவர் இடத்தில் அந்தக் கருவியை வைக்க முடியாது. மூன்றாம் வகுப்பில் ‘சொல்வதை எழுதுதல்’ செய்கிற பிள்ளையின் இடத்தில் வையுங்கள். காதில் விழுந்ததை வேகமாக எழுதும், பாதியைச் சரியாக எழுதும், தெரியாத சொல் வந்தால் தெரிந்த சொல்லைப் போட்டுவிடும். அந்தப் பிள்ளையின் சிலேட்டைத் திருத்தாமல் எந்த ஆசிரியரும் வீட்டுக்கு அனுப்ப மாட்டார். ஆகவே எதிர்வாதம் காட்டுவது திருத்தத்தின் தேவையைத்தான். சொல்லி எழுதக் கூடாது என்பதை அல்ல. 1866 அக்டோபரில் தஸ்தயேவ்ஸ்கி ‘சூதாடி’ நாவலைச் சுருக்கெழுத்தாளரிடம் சொல்லி 26 நாளில் முடித்தார். அவரும் இரவில் குறிப்பெடுத்து, பகலில் சொல்லி, படியெடுத்து வந்ததைத் திருத்தினார். சொல்வது முதல் வேலை, திருத்துவது இரண்டாவது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டுதான் இந்தச் சண்டை நடக்கிறது.

காது செய்யும் பிழை நமக்குப் புதிதும் அல்ல. ஒருவர் படிக்க மற்றொருவர் கேட்டு எழுதிய ஏடுகளில் ழகரம் ளகரமாகவும் றகரம் ரகரமாகவும் மாறியதைப் பதிப்பாசிரியர்கள் ஆயுள் முழுக்கத் திருத்தினார்கள். ஓலையில் பெரும்பாலும் புள்ளியும் கிடையாது. படிப்பவர்தான் மெய்யையும் உயிர்மெய்யையும் பிரித்தறிய வேண்டும். இன்றைய கருவி தடுக்குவதும் அதே இடங்களில்தான். நம் பேச்சில் ‘அரை’யும் ‘அறை’யும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. திண்டுக்கல் பக்கம் ‘வாழை’யைப் பலர் ‘வாளை’ என்கிறார்கள், அது மீன். எது சரியென்று கருவி அக்கம்பக்கத்துச் சொற்களைப் பார்த்து ஊகிக்கிறது. அதனால் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொல்கிறவருக்குப் பிழை கூடும். வாக்கியத்தை முழுதாகச் சொல்கிறவருக்குக் குறையும். ஒற்று மட்டும் கண்ணால் பார்த்தே ஆக வேண்டியது. ‘வேலை கொடு’ என்றால் பணி, ‘வேலைக் கொடு’ என்றால் ஆயுதம். முடித்ததும் ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். சொன்னபோது தெரியாத வழவழப்பு அப்போது காதை அறுக்கும், வெட்டிவிடலாம்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. தமிழ் இதற்குப் புரியாது என்பவர்கள் பழைய காலத்தில் இருக்கிறார்கள். 2017 ஆகஸ்டிலேயே கூகுள் தன் பேச்சுத் தட்டச்சில் தமிழைச் சேர்த்துவிட்டது. கொச்சையாகப் பேசினால் கொச்சையாகவே வரும் என்பது பாதி உண்மை: ‘ஒடிச்சுப் போட்டுருச்சு’ என்றால் அப்படியே வரலாம், மனுவுக்கு ‘ஒடித்துவிட்டது’ என்று நீங்கள்தான் மாற்ற வேண்டும். முதல் வரைவில் அதற்காக நாக்கைக் கட்டாதீர்கள். பேசினால் போதும், திருத்தவே வேண்டாம் என்கிற கூட்டமும் உண்டு. முதல் கூட்டத்துக்கு இது கொஞ்சமும் குறைந்ததல்ல. பட்டா எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் மனு அலைந்துவிடும். இன்னொன்று, பேசுவது கைப்பேசிக்குள்ளேயே தங்கிவிடும் என்ற நினைப்பு. பல செயலிகளில் உங்கள் குரல் நிறுவனத்தின் சர்வருக்குப் போய்த்தான் எழுத்தாகித் திரும்புகிறது. மலைச்சரிவில் சிக்னல் போனால் கருவி வாயடைத்துப் போவதும் இதனால்தான். ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் வாயால் சொல்லாதீர்கள், விரலால் அடியுங்கள்.

தமிழ் கெடும் என்று கவலைப்படுகிறவர்கள் உண்மையாகவே கவலைப்பட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. இந்தக் கருவிகள் தமக்குக் கொடுத்த குரல்களிலிருந்தே கற்கின்றன. காபித் தோட்டத்தின் ‘கவாத்து’, மலையின் ‘சோலை’, ‘தாண்டிக்குடி’ போன்ற ஊர்ப்பெயர், இவையெல்லாம் அவற்றின் காதில் எத்தனை முறை விழுந்திருக்கும்? கேட்காத சொல்லை அவை தவறாகத்தான் எழுதும். தவறாக வந்த சொல்லைக் களைத்துப்போய் நாமும் மாற்றிச் சொல்லத் தொடங்கினால், மலைச்சொல் ஒன்று மனுவிலிருந்தும் பிறகு வாயிலிருந்தும் போய்விடும். மத்திய அரசின் பாஷினி திட்டத்தில் ‘பாஷாதான்’ என்று ஒரு பகுதி இருக்கிறது. மோசில்லாவின் ‘காமன் வாய்ஸ்’ இருக்கிறது. இரண்டிலும் தமிழுக்கு யார் வேண்டுமானாலும் குரல் கொடுக்கலாம். மேடைத்தமிழ் பேசுகிறவர்கள் மட்டும் கொடுத்தால் கருவி மேடைத்தமிழை மட்டுமே கற்கும். மலைப்பள்ளிகளில் வாரம் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்கலாம். பெற்றோர் ஒப்புதலோடு, தோட்டத்துப் பெரியவர்களையும் உட்காரவைத்து. இம்மலைப் பழங்குடிகளான பளியர்களின் பேச்சைப் பதிவதென்றால் அவர்கள் சம்மதம் முதலில், செலவிடும் நேரத்துக்குக் கூலி அடுத்தது, பதிவின் ஒரு படி அவர்கள் கையில். இந்த மூன்றும் இல்லாமல் மைக்கை எடுத்துக்கொண்டு யாரும் மலையேற வேண்டாம்.